கருவாடு வைத்த நாளில் லாரிகள் நின்றன

கூட்ட அறைக்குள் முதலில் வந்தது கருவாட்டுக் குழம்பின் வாசம். கெட்ட சேதி அதற்குப் பின்னால்தான் வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மாலதி மேடம். இந்தப் பக்கம் நானும் ஸ்டெல்லாவும். சுவரில் என்னுடைய விளக்கப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அம்புக்குறிகள், கட்டங்கள், மறுபடியும் அம்புக்குறிகள். அரை மணி நேரமாக மேடம் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. வாசம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"கருவாடா?"

"நெத்திலிக் கருவாடு மேடம். கத்திரிக்காய் போட்டு," என்றேன். அன்று காலையிலிருந்து நான் சந்தேகமில்லாமல் சொன்ன முதல் தகவல் அதுதான்.

மேடம் சிரித்தார். ஆஹா, பிழைத்தோம் என்று நான் நினைத்த அதே நொடியில் என் போன் அதிர்ந்தது. யார்டு கேட்டிலிருந்து காவலர் பேசினார்.

"அண்ணாச்சி, தோணிக்குப் போற லாரி பூராவும் இங்கனயே நிக்கி. ஸ்கிரீன்ல செவப்பு விழுந்து கெடக்கு. கடலு மோசம்னு சொல்லுது."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடல் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடந்தது. அதன்மேல் ஒரு காக்கா நடந்துபோனால்கூட கால் நனையாது போலிருந்தது.

ஜன்னல் உத்தியோகம்

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். என் மனைவிக்கே அது முழுசாகத் தெரியாது. சாத்தான்குளத்தில் என் மாமனார் கல்யாண வீடுகளில் "மாப்ள ஹார்பர்ல இருக்காவ" என்று சொல்லி அதோடு முடித்துக்கொள்வார். கேட்கிறவர்கள் நான் கப்பலை வளைத்து நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை.

தூத்துக்குடியில் எங்கள் கம்பெனி பெரியது. கன்டெய்னர் யார்டு, கிட்டங்கி என்று நாங்கள் சொல்கிற சரக்குக் கிடங்குகள், லாரிகள், உப்பு ஏற்றுமதி, பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தக்காளியும் வெங்காயமும் செங்கலும் ஏற்றிப்போகிற தோணிகள் என்று பல பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி சாஃப்ட்வேர். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது, சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி.

அவற்றைப் பேசவைக்கிற சங்கதிக்குப் பெயர் ஏபிஐ. ரயில்வே நிலையத்தில் விசாரணை ஜன்னல் இருக்கிறதே, அதுதான். ஒரு சாஃப்ட்வேர் வந்து "என் பெட்டி எங்க நிக்கி?" என்று கேட்டால், உள்ளே இருந்து இன்னொன்று பதில் சொல்ல வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் நல்ல மனுஷனாக இருந்தால் பிளாட்பாரம், நேரம், தாமதம் எல்லாவற்றையும் சொல்லுவார். சிடுமூஞ்சியாக இருந்தால் "போர்டைப் பாரு" என்பார்.

நான் செய்த ஜன்னல் இரண்டாவது வகை.

மக்ரூன் பாஸ்வேர்டு

ஒருகாலத்தில் இந்த ஊரின் ஏபிஐயே நான்தான். அப்போது ஒரு சின்ன ஷிப்பிங் ஆபீசில் சேர்ந்திருந்தேன். சரக்கு விவரத்தை ஃபிளாப்பியில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மொபெட்டில் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். உப்புக்காற்றில் மொபெட்டும் துருப்பிடிக்கும், ஃபிளாப்பியும் கெட்டுப்போகும். திரும்பிவந்து வேறொன்று எடுத்துப் போவேன்.

வாசலில் ஒரு காவலர் உண்டு. அடையாள அட்டையைக் காட்டினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு பொட்டலம் மக்ரூனைக் காட்டினால் பார்க்கவே மாட்டார். பாஸ்வேர்டு என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது பாதுகாப்புச் சாவி என்று பேச ஆரம்பித்தால் என் நாக்கில் முந்திரிப்பருப்பும் சர்க்கரையும் கரைகிறது.

போன வாரம் இந்தப் பத்தியில், உப்புக் கிட்டங்கியில் நான் வழுக்கி விழுந்ததை எழுதியதற்கு, "உங்களுக்கு வழுக்காத இடம் ஏதாவது உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தேடிக்கொண்டிருக்கிறேன் ஐயா.

ஏழு கையெழுத்து

எங்கள் கன்டெய்னர் நிலவர ஏபிஐக்குக் குழு போட்டார்கள். தலைவர் நான். கேட்டில் இருப்பவர்கள் கன்டெய்னரைப் பெட்டி என்றார்கள். யார்டில் யூனிட். கணக்குப் பிரிவில் ஐட்டம். யார் மனதும் நோகக் கூடாது என்று நான் எல்லாப் பெயர்களையும் சேர்த்தேன். ஒரு பெட்டி எங்கே என்று கேட்டால் ஒரு வம்சாவளியே பதிலாக வந்து விழும்.

இந்த ஜன்னலில் பெட்டி நிலவரமோ, காற்று, கடல் நிலவரமோ, எதைக் கேட்கவும் ஒரு சாவி வேண்டும். சாவிக்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தில் ஏழு பேர் கையெழுத்து. ஏதாவது தப்பாகக் கேட்டால் வருகிற பதில்: "பிழை. ஆவணத்தைப் பார்க்கவும்." அந்த ஆவணத்தை நான்தான் எழுதினேன். எழுதிய பிறகு நானே அதைப் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா எங்கள் குழுவில் இரண்டாவது ஆள். மொத்தமே இரண்டு பேர்தான். கடற்கரைப் பக்கத்துப் பெண். கணவர் ஜெரால்டு சரக்குக் கப்பலில் அதிகாரி. மகள் இங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள்.

"அண்ணாச்சி, ஒரு ஆளு புதுசா வந்து நம்ம ஜன்னல்ல எப்படிக் கேக்கதுன்னு பழகணும்லா? அதுக்கு ஒரு சின்ன ஏபிஐ வைப்போம். தப்பாக் கேட்டாலும் ஒண்ணும் குடி முழுகாதது."

"எதை வைக்க?"

"கேன்டீன் மெனுவ வைப்போம். காலைலருந்து 'இன்னைக்கு என்ன மீனு'ன்னு எல்லாரும் எனக்குத்தான் போன் போடுதாவ. எனக்கும் தொல்ல விட்டுச்சி."

கேன்டீன் நடத்துகிற செல்வராஜ் அண்ணாச்சி, தினமும் காலையில் அன்றைய சமையலைத் தன் போனில் தட்டிவிடுவார். அது அப்படியே ஏபிஐக்கு வந்துவிடும். மொபைல் எண்ணைப் பதிந்தால் உடனே சாவி. பக்கத்திலேயே ஒரு மாதிரிக் கேள்வி, எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். தேதியைத் தப்பாகப் போட்டால், "தேதியை இப்படிப் போடுங்க" என்று உதாரணத்தோடு பதில் வரும். சீக்கிரமாகக் கேட்டால், "மெனு இன்னும் வரல, பத்து மணிக்கு மேல கேளுங்க" என்று வரும்.

ஒரு மாதத்தில் கம்பெனியிலேயே அதிகம் கேட்கப்பட்ட ஏபிஐ அதுதான். என்னுடைய கன்டெய்னர் ஏபிஐயை அதிகம் பயன்படுத்தியது யார் என்று பார்த்தேன். நான். வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்த வகையில்.

காக்கா பிடித்த கதை

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு யோசனை கிளம்பியது. தூத்துக்குடிக் குழுவைக் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் ஹைதராபாத்தில் சேர்த்துவிடலாம். என்னை ஹைதராபாத் கேட்கவில்லை. எனக்கு இங்கேயே ஏதாவது ஒரு நாற்காலி தருவார்களாம். அவர்களுக்கு வேண்டியது ஸ்டெல்லா.

"அவுக வருசத்துல நாலு மாசம்தான் கரைக்கு வாராவ," என்றாள் ஸ்டெல்லா. "வந்து எறங்குத ஊருல நான் இல்லன்னா அவுக கப்பல்லயே இருந்துக்கிடலாம். நான் போவல அண்ணாச்சி. இங்க இல்லன்னா வேலைய விட்டுருவேன்."

"அப்படியெல்லாம் சொல்லாத. மேடம் வந்து பாத்துட்டுத்தான முடிவு எடுப்பாவ."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? நம்ம ஜன்னல யாரு எட்டிப் பாத்தா?"

அதுதான் விஷயம். யார் பயன்படுத்துகிறார்கள் என்று மேடம் நிச்சயம் கேட்பார். நான் காட்டப்போகிற வரைபடத்தில் முதலிடத்தில் மீன் குழம்பு நிற்கும். மானம் போகும் என்று கேன்டீனை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டேன். மிச்சமிருந்தது தரையோடு தரையாக ஒரு கோடு.

பயண ஏற்பாட்டுக்காகப் பேசும்போது மேடம், "ஹோட்டல் சாப்பாடெல்லாம் வேண்டாம், உங்க கேன்டீனே போதும். கருவாடு கிடைக்குமா? எங்க அபார்ட்மென்ட்ல கருவாடு வறுத்தா மேல் வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க," என்றார்.

எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. நேராகச் செல்வராஜ் அண்ணாச்சியிடம் போனேன்.

"கருவாடா?" என்றார் அவர். கையில் ஒரு ஊளி மீன் துள்ளாத குறையாக இருந்தது. "காத்து அடிச்சி, மீன்புடி போட்டு ஒண்ணும் கடலுக்குப் போவலன்னாத்தான் நான் கருவாடு வைப்பேன். கடலு இப்படிப் படுத்துக் கெடக்கும்போது கருவாடு வச்சா, என் கேன்டீனுக்கு மீனு வாங்க வக்கில்லன்னு நெனைக்க மாட்டானா?"

"மேடம் ஆசப்படுதாவ அண்ணாச்சி."

"அவியளுக்கு மட்டும் தனியா ஒரு கிண்ணத்துல வைக்கேன். மெனுவுல ஏத்த மாட்டேன்."

அதை அப்படியே விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை.

"தனியா வச்சா நான் காக்கா பிடிக்கேன்னு அப்பட்டமாத் தெரிஞ்சிரும். எல்லாருக்கும் அதையே வையுங்க. மெனுவுலயும் போடுங்க. மீனு வேண்டாம். இயல்பா நடந்த மாதிரி இருக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செய்யுதேன். ஆனா இது எனக்குச் சரியாப் படல," என்றார்.

செவப்பு விளக்கு

மறுபடியும் கூட்ட அறை. காவலர் போனை வைத்ததும் அடுத்த போன். இந்த முறை தோணியின் தலைவர். அவரைத் தண்டல் என்போம். தண்டல்கள் காற்றை எதிர்த்துப் பேசிப் பழகியவர்கள். போனை நான் காதில் வைக்கவே தேவையில்லை, மேடத்துக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, தக்காளி வெயில்ல வேகுது. இன்னும் செத்த நேரம் நின்னா மாலத்தீவுக்குச் சட்டினியாத்தான் போய்ச் சேரும். கடலு மோசம்னு எந்தக் கிறுக்கன் சொன்னான்?"

யார் அந்தக் கிறுக்கன் என்று மேடத்துக்கும் தெரிய வேண்டியிருந்தது. தோணிப் பிரிவின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிற சகாயத்தை வரச்சொன்னோம். சகாயம் நல்ல இன்ஜினியர். வாய் கொஞ்சம் நீளம். அறைக்குள் வந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "உண்மையிலேயே கருவாடுதானா?" என்றான்.

"அது இருக்கட்டும்ல. கடலு மோசம்னு ஒன் ப்ரோகிராமுக்கு யாருல சொன்னா?" என்றேன்.

"கேன்டீன்தான்."

மேடம் பேனாவை மறுபடியும் எடுத்தார்.

"விளக்கமா சொல்லுங்க," என்றார் மேடம்.

"கடலு மோசமா இருந்தா தோணியில சரக்கு ஏத்த முடியாது மேடம். லாரி அங்கன போய்ச் சும்மா நிக்கும். அதுக்குப் பதிலா நம்ம யார்டுலயே நிப்பாட்டி வச்சா நல்லது. அதுக்குக் கடலு எப்படின்னு தெரியணும். செல்வராஜ் அண்ணாச்சி கருவாடு வச்சா அன்னைக்கு மீன்புடி போட்டு கடலுக்குப் போவல, அவ்வளவுதான். இதுவரைக்கும் ஒரு நாளு தப்பினதில்ல. மெனுவுல கருவாடு மட்டும் வந்தா செவப்பு. பச்ச மீனு வந்தா பச்ச."

"திங்கக்கிழமை மீனே இருக்காதே?" என்றாள் ஸ்டெல்லா.

"ஞாயித்துக்கிழம நம்ம ஆளுக கடலுக்குப் போவ மாட்டாவளே. அதான் திங்கக்கிழம சாம்பாரு. சாம்பார நான் கணக்குல எடுக்கல." என்னமோ வானிலை மையமே தன்னிடம் வந்து கேட்ட மாதிரி பெருமையாகச் சொன்னான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "காற்று, கடல் நிலவரம் உங்க ஏபிஐலயே இருக்கே. பட்டியல்ல பார்த்தேன்."

"இருக்கு மேடம்," என்றான் சகாயம், நான் வாயைத் திறப்பதற்குள். "அதுக்குச் சாவி கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். போன வருசம் மாதா கோவில் திருவிழாவுக்கு முன்னால."

"அப்புறம்?"

"ஃபயர் ஆபீசர் லீவுல இருந்தாரு."

"சாவிக்கு ஃபயர் ஆபீசர் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" இது என்னிடம்.

"பழைய ஃபாரத்துல இருந்துச்சு மேடம்," என்றேன். இத்தனை வருஷ சர்வீசில் நான் சொன்னதிலேயே நேர்மையான பதில் அது.

ஒரு துண்டு சீலா

லாரிகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. ஸ்கிரீன் பச்சையானால்தான் கேட்டில் தடுப்புக் கம்பி உயரும்.

"ப்ரோகிராம மாத்திரு," என்றேன் சகாயத்திடம்.

"மாத்திருவேன். மாத்தினத சர்வர்ல ஏத்தணும்னா அனுமதி வாங்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் ஏத்தலாம். அந்த விதியையும் நீங்கதான் எழுதினிய."

ஸ்டெல்லா ஏற்கெனவே போனில் இருந்தாள். "அண்ணாச்சி, மெனுவுல ஊளி மீனுன்னு ஒண்ணு சேத்துத் தட்டிவிடுங்க. அவ்வளவுதான்."

ஸ்பீக்கரில் செல்வராஜ் அண்ணாச்சி வந்தார். "வைக்காத மீன வச்சேன்னு எழுத மாட்டேன்மா. இன்னைக்கு ஒரு தப்பு போதும்."

"தக்காளி அழுகுது அண்ணாச்சி."

"அதுக்கு? நான் பொய் எழுதணுமா?" கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். "வீட்டுக்குன்னு ஒரு துண்டு சீலா மீனு எடுத்து வச்சிருந்தேன். பொரிச்சிட்டு எழுதுதேன். பொறுங்க."

நாங்கள் நான்கு பேரும் சுவரில் கேட் ஸ்கிரீனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கருவாட்டு வாசத்துக்குள் மெல்ல மிளகாய்த்தூளும் எண்ணெயுமாக ஒரு புது வாசம் நுழைந்தது. மேடம்கூட மூச்சை இழுத்துப் பார்த்தார். மெனுவில் "சீலா வறுவல்" என்று விழுந்தது. சிவப்பு பச்சையானது. முதல் லாரி உறுமுகிற சத்தம் மேல்மாடிவரைக்கும் கேட்டது.

மாலத்தீவுக்குச் சரக்கு அனுப்ப ஒரு மீன் பொரிக்க வேண்டியிருந்த கம்பெனி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மேடம் சகாயத்திடம் கேட்டார். "கேன்டீன் ஏபிஐயை உங்க ப்ரோகிராம்ல இணைக்க எவ்வளவு நாள் ஆச்சு?"

"நாளா? உக்காந்தேன், டீ வந்துச்சு, டீ ஆறதுக்கு முன்னால முடிஞ்சிட்டு. தேதியத் தப்பாப் போட்டேன். இப்படிப் போடுன்னு அதுவே காட்டிக் குடுத்துச்சு. திரும்பப் போட்டேன், 'ஊளி மீன் குழம்பு'ன்னு வந்துச்சு. ஒரு சந்தோசம் மேடம்."

"யார் எழுதினது?"

ஸ்டெல்லா தப்புச் செய்த மாதிரி பாதிக் கையைத் தூக்கினாள்.

சாப்பாட்டு மேசையில் மேடம் இரண்டாவது தடவை கருவாட்டுக் குழம்பு வாங்கிக்கொண்டார். சீலா துண்டைச் செல்வராஜ் அண்ணாச்சி அவருக்கே வைத்திருந்தார். பாதி சாப்பாட்டில், நிமிராமலே சொன்னார்.

"ஹைதராபாத்ல நாலு மாசமா ஒரு டீம் உக்காந்து, எப்படி எல்லாரும் பயன்படுத்துற மாதிரி ஏபிஐ செய்யறதுன்னு பேசிட்டிருக்காங்க. நீங்க இங்கயே செஞ்சிருக்கீங்க. ஸ்டெல்லா, நீங்க எங்கயும் வர வேண்டாம். மிச்ச எல்லா ஏபிஐயையும் இந்த மெனு மாதிரி எழுதுங்க. நீங்கதான் பொறுப்பு."

ஸ்டெல்லா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நான் மேடம்?" என்றேன்.

"அந்த ஏழு கையெழுத்தையும் ஒழிக்கணும் இல்லையா? ஒழிக்கறதுக்கும் ஏழு பேர் சம்மதிக்கணும். நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

மறுநாள் நான் மீண்டும் வண்டியில் ஆபீஸ் ஆபீசாக அலைய ஆரம்பித்தேன். பையில் ஃபிளாப்பி மட்டும்தான் இல்லை. மக்ரூன் இருந்தது. ஃபயர் ஆபீசருக்கு இரண்டு பொட்டலம் பிடித்தது.

மூடுவதற்கு முன்னால்

இப்போது கடல் நிலவரத்துக்குத் தனி ஜன்னல். நல்ல மனுஷன் உட்கார்ந்திருக்கிற ஜன்னல். சகாயம் அதற்கு மாறிவிட்டான். செல்வராஜ் அண்ணாச்சிக்கு மாலத்தீவுப் பொறுப்பு நீங்கியது.

"அப்போ மெனு ஏபிஐய மூடிரலாமே?" என்றேன்.

"அப்படிப் பட்டுன்னு மூடக் கூடாது. சாவி வாங்கின எல்லாருக்கும் முன்கூட்டிச் சொல்லணும். அவியளுக்கு அவகாசம் குடுக்கணும்," என்றாள் ஸ்டெல்லா. அவள் இப்போது எனக்கு மேலதிகாரி. முன்பும் அப்படித்தான், சம்பளப் பட்டியலுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

அறிவிப்பு அனுப்பினோம். யார் யாரோ கிளம்பி வந்தார்கள். சாம்பார் நாளில் டிபன் பாக்ஸ் கொண்டுவர நினைவூட்டுகிற ஆப் ஒன்றை உப்புப் பிரிவில் வைத்திருந்தார்கள். மீன் வறுவல் நாளில் மத்தியானக் கூட்டம் போடாமல் இருக்க, ஆள் நிர்வாகப் பிரிவு அதைக் காலண்டரோடு இணைத்திருந்தது.

ஒரு சாவிக்கு மட்டும் எந்தப் பிரிவும் இல்லை. அதிலிருந்து நாளைக்கு ஒரே ஒரு கேள்வி வரும். ஒரு மாதம் மத்தியானம், அடுத்த மாதம் சாயங்காலம், அப்புறம் ராத்திரி. நேரம் நகர்ந்துகொண்டே போனது. எவனோ ஜன்னலை உடைத்து உள்ளே வரப் பார்க்கிறான் என்று நான் மிரண்டுபோய் ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

அவள் திரையைப் பார்த்தாள். காது சிவந்துவிட்டது.

"அது எங்க அவுக, அண்ணாச்சி. கப்பலு நகர நகர அவுக மத்தியானமும் நகரும்லா."

"மெனுவப் பாத்து அவருக்கு என்ன ஆவப்போவுது? சாப்பிட்டியான்னு ஒங்கிட்ட கேட்டா போதாதா?"

"கேட்டா நான் நல்லா சாப்பிட்டேன்னுதான் சொல்லுவேன். அவுகளுக்குத் தெரியும். அதான் செல்வராஜ் அண்ணாச்சிகிட்ட கேக்காவ."

ஜன்னலை மூடவில்லை.

போன வாரம் அந்தச் சாவியிலிருந்து வந்த கேள்வி, கடலிலிருந்து வரவில்லை. எங்கள் கேன்டீன் வைஃபையிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் வெயிலில் கறுத்த ஒரு ஆள். ஜெரால்டு முதலில் போனைப் பார்த்தார், அப்புறம் அவள் தட்டைப் பார்த்தார்.

"வெளமீன் குழம்பு," என்றார். "சரியாத்தாம்லா சொல்லுது."